வைட்டமின் ‘டி’ சோதனை யாருக்கு?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

வெயில் கொளுத்தும் நாட்டில், வெயிலால் கிடைக்கும் சத்துக்குப் பஞ்சம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கத்திரி வெயிலில் தார்ச்சாலை இளகும் வேலூரிலும் திருச்சியிலும் வாழ்கிறவர்களுக்கு இரத்தத்தில் வைட்டமின் ‘டி’ போதவில்லை என்று ஆய்வுக்கூடங்கள் நாள்தோறும் தாள் அச்சடித்துக் கொடுத்த வண்ணம் இருக்கின்றன. செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளிருந்து ஒரு துண்டு விளம்பரம் விழுகிறது. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அதே விளம்பரம். முழு உடற்பரிசோதனை பாதி விலையில். வைட்டமின் ‘டி’ சோதனையும் சேர்த்து! அசதியாக இருக்கிறதா? முடி கொட்டுகிறதா? தூக்கம் பிடிக்கவில்லையா? மனம் சோர்ந்து கிடக்கிறதா? உடனே சோதித்துப் பாருங்கள் என்கிறார்கள். பருவத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் இந்த நான்கில் ஒன்றாவது இல்லாத மாணவர் நம் கல்லூரியில் எவரேனும் உண்டா என்று கேட்க விரும்புகிறேன்.

இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மாணவர் பேரவைக் கூட்டத்தில் இவ்வாண்டு ஒரு யோசனை எழுந்தது. தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றை அழைத்து வந்து, சலுகைக் கட்டணத்தில் மாணவர் அனைவருக்கும் வைட்டமின் ‘டி’ சோதனை நடத்தலாம் என்பது அந்த யோசனை. நல்லெண்ணத்தில் பிறந்ததுதான்; கைதட்டலும் பலமாகவே கிடைத்தது. முடிவு அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நான் அதை எதிர்க்கிறேன். சோதனையே வேண்டாம் என்பது என் கட்சியன்று. வேண்டியவர்களுக்கு எட்டாத இந்தச் சோதனை, வேண்டாதவர்களிடம் வலியக் கொண்டுபோய் விற்கப்படுகிறது என்பதே என் வழக்கு. ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன்.

முதலில் இந்தச் சத்தின் கதையைச் சற்றே பார்ப்போம். குழந்தைகளின் கால் எலும்பு வில்லாய் வளைந்து, மார்புக்கூடு புடைத்துப் போகும் ‘ரிக்கெட்ஸ்’ நோயைப் பற்றி இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் 1650-லேயே நூல் எழுதிவிட்டார். காரணம் தெரிய இன்னும் 270 ஆண்டுகள் ஆயின. 1919-ல் இலண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு அந்நோயை வரவழைத்து, காட் மீன் எண்ணெய் கொடுத்துக் குணமாக்கினார். குறை உணவில்தான் என்றார். அதே 1919-ல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் நான்கு குழந்தைகளைப் புறஊதாக் கதிர் விளக்கின் முன் கிடத்தியே குணமாக்கினார். குறை ஒளியில்தான் என்றார். இருவர் சொன்னதும் சரி! மெல்லன்பியின் நாய்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தவை என்பதை நினைவில் கொண்டால் புதிர் அவிழும். போருக்குப் பிந்திய வியன்னாவில் ஹாரியட் சிக் என்ற பெண்மணி, எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதைக் குழந்தைகள் மருத்துவமனையிலேயே நிலைநாட்டினார். 1922-ல் அமெரிக்காவின் மெக்காலம் அந்தப் பொருளுக்கு ‘டி’ என்ற எழுத்தைச் சூட்டினார். அதன் வேதியியல் உறவுகளை ஆராய்ந்த விண்டாஸ் 1928-ல் நோபெல் பரிசு பெற்றார்.

உண்மையில் இது வைட்டமின் என்ற பெயருக்கே முழுப் பொருத்தமில்லாதது. நம் தோலில் கொழுப்பின் உறவுப் பொருள் ஒன்று இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் அதன் மேல் பட்டால் போதும். உடலே ‘டி’யைத் தயாரித்துக் கொள்கிறது. அதைக் கல்லீரல் ஒருமுறை மாற்றுகிறது. சிறுநீரகம் மறுமுறை மாற்றுகிறது. அதன் பிறகே அது குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும் வேலைக்கு வருகிறது. கல்லீரல் மாற்றித் தரும் இடைநிலைப் பொருளை 1968-ல் அமெரிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டெலூக்காவின் குழுவினர் பிரித்தறிந்தனர். 1971-ல் அதை இரத்தத்தில் அளக்கும் முறையும் வெளிவந்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் நம்மிடம் பணம் வாங்கிக் கொண்டு அளப்பது இந்த இடைநிலைப் பொருளைத்தான். இரண்டு மூன்று வாரம் இரத்தத்தில் தங்குவதால், உடலின் இருப்பைக் காட்ட இதைவிட ஏற்ற அளவுகோல் இல்லை. சிறுநீரகம் மாற்றிய கடைசிப் பொருளை அளந்து பார்ப்பது வீண். உண்மையான குறைபாட்டிலும் அது சரியாகவோ கூடுதலாகவோகூடக் காணப்படலாம்.

கோட்டைக் கிழித்தவர் யார்?

இனித்தான் சிக்கல். ஒரு மில்லிலிட்டர் இரத்தத் தெளிவில் இத்தனை நானோகிராம் என்று ஒரு எண் வருகிறது. எத்தனைக்குக் கீழே போனால் குறைபாடு?

2011-ல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி என்னும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 20-க்குக் கீழே குறைபாடு, 21 முதல் 29 வரை போதாமை, 30-க்கு மேலே போதுமானது என்று அது வகுத்தது. அதே காலத்தில் அதே நாட்டின் மருத்துவ நிறுவனம், 20 இருந்தாலே மக்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் எலும்பு நலத்துக்குப் போதும் என்று வேறொரு முடிவு கூறியது. நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் 12-க்குக் கீழே இருந்தவர்களைத்தான் குறைபாடு உள்ளவர் என்று எண்ணியது. ஆக 12, 20, 30 என மூன்று கோடுகள். 18 என்ற எண்ணோடு ஒருவர் வந்தால், ஒரு கணக்கில் அவர் நலமுடையவர். மற்றொரு கணக்கில் அவர் நோயாளி. இரத்தம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, தாளில் அச்சிட்ட சொல் மட்டும் மாறுகிறது.

20 என்ற எண்ணின் பொருளையே பலர் தலைகீழாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். விடுதிச் சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். நூறு பேருக்குச் சமைக்கிறார். ஒருவர் அரைத் தட்டுச் சோற்றில் எழுந்துவிடுவார். மற்றொருவர் மூன்று தட்டு கேட்பார். எவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று எண்ணும் சமையல்காரர், பெருந்தீனிக்காரருக்கும் போதுமாறு தலைக்கு இரண்டரைத் தட்டு என்று கணக்கிட்டு அரிசி போடுகிறார். அது சரியான ஏற்பாடு. அதற்காக, இரண்டரைத் தட்டுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் பட்டினிக்காரர்கள் என்று விடுதிக் காப்பாளர் அறிக்கை எழுதினால் நாம் என்ன சொல்வோம்? 20 என்பது அந்த இரண்டரைத் தட்டு. நூற்றுக்கு 97 பேரின் தேவையை நிறைவு செய்யும் அளவு அது; சராசரித் தேவை 16-தான் என்று அந்த அமெரிக்க நிறுவனமே எழுதியிருக்கிறது. 2016-ல் அந்தக் குழுவைச் சேர்ந்த அறிஞர்கள் சிலர், தாங்கள் வகுத்த எண் தவறாகக் கையாளப்படுகிறது, இல்லாத கொள்ளைநோய் ஒன்று இதனால் உண்டாக்கப்பட்டிருக்கிறது என்னும் கருத்தில் மருத்துவ இதழில் வெளிப்படையாகவே எழுதினார்கள். நம்மூர்த் தாள்களோ அதைவிட உயர்ந்த 30-ஐக் கோடாகப் போட்டு, அதற்குக் கீழே உள்ளதைத் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 30-ஐ உலகுக்குக் கொடுத்த அதே எண்டோகிரைன் சொசைட்டி, 2024 ஜூன் மாதம் தன் புதிய வழிகாட்டியில் அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது. நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இச்சோதனை செய்ய வேண்டாம் என்றும் கூறிவிட்டது. தந்தையே கைவிட்ட பிள்ளையை நம் ஆய்வுக்கூடங்கள் இன்னும் தோளில் தூக்கிக் கொண்டு அலைகின்றன!

எண்ணாவது உறுதியானதா என்றால் அதுவும் இல்லை. ஒரே இரத்தத்தை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் இரண்டு விடை வருவது உண்டு; முறை மாறினால் விடை மாறும். நிறமாலைமானி கொண்டு அளப்பது நுட்பமானது. பெரும்பாலான இடங்களில் செய்யப்படுவது விரைவான வேறு முறை. முடி வளர்வதற்காக நம் தோழர்கள் சிலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை இந்த விரைவு முறைகள் சிலவற்றை ஏமாற்றி, இல்லாத ‘டி’யை இருப்பதாகக் காட்டிவிடும். காய்ச்சல் வந்து எழுந்தவருக்கு அளவு தற்காலிகமாகக் குறையலாம். டெல்லி போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் ஓர் எண், கோடையில் வேறோர் எண். போதாததற்கு அலகுக் குழப்பமும் இருக்கிறது. வளைகுடா நாட்டிலிருந்து வரும் அண்ணன் கையில் 50 என்றொரு தாள். இங்கே தம்பி கையில் 20 என்றொரு தாள். தம்பிக்கு அழுகை வந்துவிடும். அண்ணன் தாளில் இருப்பது நானோமோல் கணக்கு. அதை இரண்டரையால் வகுத்தால் அதே 20! வேதியியல் படிப்பவர்கள் குடும்பத்தில் ஒருவராவது இருந்தால் இந்தக் கண்ணீர் மிச்சமாகும்.

இரண்டு காஷ்மீர்கள்

‘கூடுதலாகத் தெரிந்து கொள்வதில் என்ன கேடு? சோதிப்பதால் உயிரா போய்விடும்?’ என்று பேரவையில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனையால் உயிர் போகாது. அதற்குப் பின்னால் வருவதுதான் கவலைக்குரியது.

1928-ல் கேத்லீன் வாகன் என்னும் மருத்துவப் பெண்மணி, பர்தா முறை தாய்மையை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காஷ்மீரத்தில் பணியாற்றியவர் அவர். நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகி, வடிவம் கெட்டு, பிள்ளைப்பேறு நடக்க வழியின்றித் தாயும் சேயும் துன்புற்றதைக் கண்டு எழுதினார். ‘ஆஸ்டியோமலேசியா’ என்பது அந்நோயின் பெயர். வெளியில் உழைத்த பெண்களுக்கு அந்த இடர் இல்லை என்பதையும் அவர் கவனித்தார். மெய்யான வைட்டமின் ‘டி’ குறைபாட்டின் முகம் இதுதான். அசதியும் முடி உதிர்தலும் அதன் முன்னே வெறும் தூசு.

அதே காஷ்மீரத்திலிருந்து 2011-ல் வேறொரு மருத்துவக் கட்டுரை வந்தது. ‘டி’ மிகுந்துபோய் நஞ்சான நோயாளிகளைப் பற்றியது அது. ஆறு இலட்சம் யூனிட் ஊசியை மறுபடி மறுபடி போட்டுக் கொண்டவர்கள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எல்லை மீறி, வாந்தியும் மனக்குழப்பமும் சிறுநீரகக் கேடுமாக மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஒரு நாளைக்கு ஒரு மனிதருக்கு வேண்டியது 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வரையறுத்தன. ஆறு இலட்சம் என்பது ஆயிரம் நாள் பங்கு! பொங்கலுக்குச் சமைத்ததை மூன்று பொங்கலுக்கும் சேர்த்து ஒரே வேளையில் ஊட்டுவது போன்றதே இது.

ஒரே தடவையில் கொட்டுவதன் தீங்கை ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து இலட்சம் யூனிட் கொடுத்தார்கள். எலும்பு உறுதிப்படும், விழுந்தால் முறியாது என்பது எதிர்பார்ப்பு. 2010-ல் முடிவு வந்தது. மருந்து உண்ட பிரிவினர் 15 விழுக்காடு அதிகமாக விழுந்தார்கள். எலும்பு முறிவு 26 விழுக்காடு அதிகமாயிற்று. வைட்டமின்தானே, மிஞ்சினால் என்ன என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். நீரில் கரைந்து சிறுநீரில் போய்விடும் இனத்தைச் சேர்ந்ததன்று இது, கொழுப்பில் தங்குவது.

சரி, கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்கள் அளவோடு உண்டால் புற்றுநோயும் இதயநோயும் வராது என்கிறார்களே? அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேருக்கு, ஒரு பாதிக்கு நாள்தோறும் 2,000 யூனிட், மறுபாதிக்கு வெற்று மாத்திரை என ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2018-ல் வெளியாயின. புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 2022-ல் எலும்பு முறிவுக் கணக்கும் வந்தது. அதிலும் வேறுபாடு இல்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மெய்யான குறைபாட்டுக்கு மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் விளம்பரக்காரர்கள் குறிவைப்பது அந்த அமெரிக்கர்களைப் போன்ற நலமுள்ள கூட்டத்தைத்தானே!

இதையெல்லாம் கண்ட நாடுகள் கையைக் கட்டிக் கொண்டு இருக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010-லேயே எல்லாருக்குமான இச்சோதனைக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2014 நவம்பரில் இன்னின்ன காரணம் இருந்தாலன்றிப் பணமில்லை என்று வரையறுத்தது. நலமுள்ளவர்களைச் சோதிப்பதால் நன்மை உண்டு என்று சொல்லச் சான்று போதாது என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-ல் எழுதியது. பிரிட்டன் மற்றொரு வழியில் சென்றது. சூரியனே எட்டிப் பார்க்காத இலையுதிர், குளிர் காலங்களில் எல்லாரும் நாளுக்கு 400 யூனிட் உட்கொள்வது நல்லது என்று 2016-ல் அறிவுரை கூறியது. சோதித்துவிட்டு உண்ணுங்கள் என்று சொல்லவில்லை. சிறிய அளவு மருந்து மலிவு, தீங்கற்றது. சோதனைதான் விலை கூடியது. நம் நாட்டிலும் குழந்தை மருத்துவர்கள் பிறந்த குழந்தைக்கு ஓராண்டு வரை நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தப் பச்சிளங் குழந்தையின் கையிலும் அதற்காக ஊசி குத்துவதில்லை.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் குறைபாடே இல்லை என்று நான் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டாம். 2000-ல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், வெயிலில் பயிற்சி பெறும் இராணுவ வீரர்களுக்கு ‘டி’ அளவு ஓரளவு இருந்தது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் படுபாதாளத்தில் கிடந்தது. ஊருக்கு மருந்து கொடுப்பவர்கள் நிலை அது! நமக்குப் பக்கத்திலுள்ள திருப்பதியில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியாயிற்று. வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட அளவு அதிகம். ஆனாலும் அவர்களிலும் பலர் 20-க்குக் கீழேதான். அந்த ஆய்வின் மறுபாதியை எவரும் விளம்பரத்தில் போடுவதில்லை: அந்த மக்களின் உணவில் சுண்ணாம்புச் சத்தே மிகக் குறைவாக இருந்தது. சுண்ணாம்பை உறிஞ்சுவதற்கு உதவுவதுதான் ‘டி’யின் வேலை. தட்டில் அது இல்லாதபோது ‘டி’ எதை உறிஞ்சும்? கேழ்வரகும் மோரும் முருங்கைக் கீரையும் எள்ளும் நெத்திலியும் இருந்த தட்டில் இன்று வெள்ளைச் சோறும் நீர்த்த சாம்பாரும். நம் விடுதித் தட்டைப் பார்த்தாலே தெரியும். மேலே சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், 12 என்ற கடுமையான கோட்டை வைத்தும், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேர் குறைபாடு உள்ளவர்களாக இருந்தார்கள். நாலில் ஒருவர் என்பது சிறிய செய்தியன்று.

அப்படியானால் எல்லாரையும் சோதிக்க வேண்டியதுதானே என்று இங்கேதான் நண்பர்கள் மடக்குவார்கள். நாலில் ஒருவருக்குக் குறை என்று தெரிந்த பிறகு நால்வரிடமும் ஆயிரம் ரூபாயை ஒட்டிய கட்டணம் வாங்கி அந்த ஒருவரைத் தேடுவதைவிட, நால்வரின் உணவிலும் சத்தைச் சேர்ப்பது மலிவு, விரைவு. சமையல் எண்ணெயிலும் பாலிலும் ‘ஏ’, ‘டி’ இரண்டையும் சேர்ப்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018-லேயே விதி வகுத்திருக்கிறது. கூட்டல் குறியோடு ‘எஃப்’ எழுத்துப் போட்ட நீல முத்திரை அதற்கு அடையாளம். அடுத்த முறை எண்ணெய்ப் பொட்டலம் வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். விடுதிக் குழு அதைக் கட்டாயமாக்கலாம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘காலை இளவெயில் எலும்புக்கு நல்லது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடப்பதற்கு அது சுகமான நேரம், ‘டி’க்கு அன்று. சாய்ந்து வரும் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணப்பட்டு, வேண்டிய புறஊதாப் பகுதியை வழியிலேயே இழந்துவிடுகிறது. திருப்பதி ஆய்வாளர்கள், முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலே இந்தப் பகுதியில் பயன் மிக்கது என்று அளந்து கூறியிருக்கிறார்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று எளிதாக நினைவில் வைத்துக் கொள்ளலாம். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் சூடு உண்டு, ‘டி’ இல்லை. பேருந்தில் சன்னலோரம் அமர்வது கணக்கில் வராது. இதற்காக மே மாத நண்பகலில் மணிக்கணக்கில் நின்று மயங்கி விழ வேண்டாம். முகமும் கையும் படச் சில நிமிடங்கள் போதும். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல். நம் கல்லூரியில் முதற் சுழற்சி மாணவர் வகுப்பை விட்டு வெளியேறுவதும் இரண்டாம் சுழற்சி மாணவர் உள்ளே வருவதும் ஏறத்தாழ இந்த நேரத்தில்தான். அரசு அறியாமலே செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று!

இப்போது மெய்யாகவே சோதனை வேண்டியவர்கள் பக்கம் வருவோம். சம்மணமிட்டு அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை. படியேறத் தொடை வலுவில்லை. தாரா நடப்பது போல் அசைந்து அசைந்து நடக்கிறார். இடுப்பிலும் விலாவிலும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது. இவருக்குச் சோதனை வேண்டும். கால் வளைந்த குழந்தைக்கு வேண்டும். வலிப்பு நோய்க்கு ஆண்டுக்கணக்கில் பெனிட்டாயின் போன்ற மாத்திரை உண்பவருக்கு வேண்டும்; அந்த மருந்து உடலிலுள்ள ‘டி’யை அழிக்கும். சிறுநீரகம் கெட்டவர், குடல் நோயால் கொழுப்பு செரிக்காதவர், சிறு அடிக்கே எலும்பு முறிந்த முதியவர் ஆகியோருக்கு வேண்டும். இவர்களுக்கும்கூட ‘டி’ எண் மட்டும் போதாது. சுண்ணாம்பு, பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகிய மூன்றும் பார்க்கப்பட வேண்டும். இவை பழைய சோதனைகள், மலிவானவை. எலும்பு உருகும் நோய் முற்றியவர்களை இவை பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்றவர்கள் நான் சொல்லப் போவதைக் கண்டிருப்பார்கள். வீட்டுத் திண்ணையைக்கூடத் தாண்டாமல் காலை முதல் இரவு வரை முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்கள். சூரியன் உதிக்குமுன் நூற்பாலைக்குள் நுழைந்து, மறைந்த பின் விடுதிக்குத் திரும்பும் பெண் பிள்ளைகள். மருமகள் வேலைக்குப் போய்விட, இருட்டு அறையில் கட்டிலோடு கிடக்கும் பாட்டி. ‘இடுப்பு வலிக்குதும்மா’ என்றால் வலி மாத்திரை ஒன்று கிடைக்கும். அடுத்த வாரம் மீண்டும் ஒன்று. இவர்கள் வாசலுக்குச் சலுகை விலைத் துண்டு விளம்பரம் வருவதில்லை. அவர்களிடம் அந்தச் சலுகை விலைக்கும் பணமில்லை என்பது ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். கிரிக்கெட் மட்டையோடு வெயிலில் அலையும் பத்தொன்பது வயது இளைஞனைத் தேடி இரத்தம் எடுக்க வண்டி வருகிறது. வலியில் எழ முடியாத தாயைத் தேடி வருவதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆகவே பேரவையின் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். தனியார் கூடத்தை அழைக்கும் பகுதியை நீக்கிவிடலாம். அதற்குப் பதிலாக, நம் நாட்டு நலப்பணித் திட்டம் தத்தெடுத்த கிராமத்தில் ஒரு நாள் முகாம். விலங்கியல், வேதியியல் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று மூன்றே கேள்விகள் கேட்பார்கள்: எலும்பு வலி உண்டா, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, வெளியே வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள்? சந்தேகத்துக்கு இடமானவர்களின் பெயரை எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுப்போம். அவர் பார்த்து, வேண்டுமென்று சொல்லும் சிலருக்கு மட்டும் அரசு மருத்துவமனையில் சோதனை. அங்கே வசதியில்லை என்றால் பேரவை நிதியிலிருந்து கட்டணம். சலுகைக் கட்டணமாக மாணவர் ஒவ்வொருவரும் தரத் தயாராக இருந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு வசூலானால்கூட இந்தச் சிலருக்குப் போதும் என்பது என் கணக்கு. கல்லூரிக்குள்ளும், மேலே சொன்ன அறிகுறியோ வலிப்பு மாத்திரையோ உள்ள மாணவ மாணவியர் தயங்காமல் மருத்துவரைப் பார்க்கட்டும். அவர்களுக்கும் அதே நிதி உதவட்டும்.

வருகிற கல்வியாண்டின் முதற் கூட்டத்தில் இதை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். வேதியியல் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் மிக நன்று. ஆல்கலைன் பாஸ்படேஸ் பற்றிக் கூட்டத்தில் எவரேனும் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல எனக்குத் துணை தேவைப்படும்.